கார் வளைவில் சாய்கிறதா? எக்ஸெல் போட்ட கணக்கும் நான் செய்த பிழையும்

கம்ப்யூட்டர் வாங்கி வீட்டில் வைத்தாகிவிட்டது. பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். "ஆனால் இந்த எக்ஸெல் மட்டும் எதற்கென்றே புரியவில்லை. திறந்தால் கட்டம் கட்டமாக இருக்கிறது, உடனே மூடிவிடுகிறேன்" என்று நண்பர்கள் பலர் என்னிடம் சொல்வதுண்டு. அவர்களுக்காகவே இந்தப் பாடம். சம்பளப் பட்டியல், மளிகைக் கணக்கு என்று வழக்கமான உதாரணங்களை விட்டுவிட்டு, என் வீட்டில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமில் இதே பாடத்தைச் செய்யலாம். அது இலவசம்.

நான் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுபவன். இன்ஜினியர் அல்ல. என் தங்கை வீட்டுக்காரர் பழைய கார் ஒன்று வாங்கினார். சேலம் நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது எந்தக் குறையும் இல்லை. சர்வீஸ் ரோட்டில் திரும்பினாலும், கொல்லிமலை ஏறினாலும்தான் தொல்லை. "வளைவுக்கு வளைவு பரிசல் மாதிரி சாயுது மச்சான். பாப்பா வாந்தி எடுத்துருது" என்றார். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். குழந்தையின் நிலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் உள்ள மெக்கானிக் அண்ணன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "பின்னாடி ஸ்டெபிலைசர் பார் பதினாலு எம்.எம். தானுங்க இருக்குது. இன்னும் கொஞ்சம் தடியாப் போட்டா சாயறது குறையுமுங்க" என்றார். எவ்வளவு தடியாக? அங்கேதான் என் கம்ப்யூட்டர் உள்ளே நுழைந்தது.

ஆன்டி ரோல் பார் என்றால் என்ன?

ஆன்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் பார் இரண்டும் ஒன்றுதான். இடது சக்கரத்தின் சஸ்பென்ஷனையும் வலது சக்கரத்தின் சஸ்பென்ஷனையும் இணைக்கும் எஃகுக் கம்பி இது. படுக்க வைத்த 'ப' எழுத்துப் போல இருக்கும். நடுப்பகுதி ரப்பர் புஷ்களில் காரின் உடலோடு பிடிக்கப்பட்டிருக்கும். இரண்டு கைகளும் சக்கரங்களின் பக்கம் நீண்டிருக்கும். இதற்கான முதல் காப்புரிமை கனடாவில் 1919-ம் ஆண்டு கொடுக்கப்பட்டது. மாருதி ஆல்ட்டோ காரின் விவரக் குறிப்பில் 'ரோல் கன்ட்ரோல் டிவைஸ்' என்று போட்டிருந்ததும் இதைத்தான்.

இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் வேகத்தடை மீது ஏறினால் இந்தப் பார் சும்மா சுழலும், எதிர்ப்பு காட்டாது. வளைவில் கார் ஒரு பக்கம் சாயும்போது ஒரு சக்கரம் மேலே போகிறது, மற்றது கீழே இறங்குகிறது. அப்போது பார் முறுக்கப்படுகிறது. ஈரத்துணியைப் பிழிவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கத்தை எதிர்த்து அது திமிறும். அந்தத் திமிர்தான் சாய்வைக் குறைக்கிறது.

நம் ஊரில் முட்டை லோடு ஏற்றிய வண்டியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பாரம் உயரத்தில் இருந்தால் வளைவில் சாய்வு அதிகம். காரில் பாரம் தாழ்வாக இருப்பதால் சாய்வு குறைவு. மற்றபடி கதை ஒன்றுதான்.

தடிமன் ஏன் நான்கு மடியில் வருகிறது?

இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பாரின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் அதன் விறைப்பு எத்தனை மடங்காகும்? இரண்டா, நான்கா? இரண்டும் இல்லை. பதினாறு மடங்கு!

காரணம் எளிது. தடிமன் இரட்டிப்பானால் எஃகின் பரப்பு நான்கு மடங்காகிறது. அந்த எஃகு மையத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளி இருப்பதால், முறுக்கும்போது இரண்டு மடங்கு அதிகமாக இழுபடுகிறது. தள்ளி இருப்பதாலேயே அதன் நெம்புபலமும் இரண்டு மடங்கு. நான்கு, இரண்டு, இரண்டு, மூன்றையும் பெருக்கினால் பதினாறு. இதைத்தான் தடிமனின் நான்கு மடி என்கிறோம்.

எக்ஸெலில் கணக்குப் போடுவோம்

எக்ஸெலைத் திறந்து புதிய வொர்க் ஷீட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஏ, பி, டி, இ என்று நான் தமிழில் தந்திருக்கும் செல் பெயர்களைக் கீபோர்டில் அதே ஒலியுள்ள ஆங்கில எழுத்துகளாக டைப் செய்திட வேண்டும். உதாரணத்துக்கு 20 மி.மீ. தடிமன் உள்ள பார் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1. ஏ1 செல்லில் 'தடிமன்' என்று டைப் செய்து, பி1 செல்லில் 20 என்று தரவும்.

2. ஏ2-ல் 'நடுப்பகுதி நீளம்'. பி2-ல் 900.

3. ஏ3-ல் 'கை நீளம்'. பி3-ல் 200. பாரின் நடுப்பகுதியிலிருந்து கையின் முனையில் உள்ள துளை வரை செங்குத்தாக அளந்த தூரம் இது. எல்லாமே மி.மீ. அளவுகள்.

4. ஏ4-ல் 'எஃகு எண்'. பி4-ல் 79000. எஃகு எவ்வளவு பலமாக முறுக்கத்தை எதிர்க்கும் என்பதைக் காட்டும் எண் இது. சாதாரண எஃகுக்கும் ஸ்பிரிங் எஃகுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை.

5. ஏ5-ல் 'விறைப்பு'. பி5-ல் கீழே உள்ள பார்முலாவை இடைவெளி விடாமல் டைப் செய்திடவும்.

=3.1416*பி4*பி1^4/(32*பி2*பி3^2)

பெருக்கல் குறிக்கு ஷிப்ட் கீயுடன் 8. மடிக் குறிக்கு ஷிப்ட் கீயுடன் 6. அடைப்புக்குறிகளுக்கு ஷிப்ட் கீயுடன் 9 மற்றும் 0. டைப் செய்து முடித்து என்டர் தட்டினால் சுமார் 34.47 என்ற விடை கிடைக்கும். பாரின் ஒரு முனை மற்ற முனையை விட 1 மி.மீ. உயர்வதற்குச் சுமார் 34 நியூட்டன், அதாவது மூன்றரை கிலோ எடை அளவுக்கு விசை வேண்டும் என்று பொருள். கைகள் வளைவதையும் ரப்பர் புஷ் அமுங்குவதையும் இந்தக் கணக்கு சேர்க்கவில்லை. எனவே உண்மையான விறைப்பு இதை விடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

உங்களுக்கு வேறு விடை வந்ததா? அடைப்புக்குறி விடுபட்டிருக்கும். அது இல்லாவிட்டால் 32-ஆல் மட்டும் வகுத்துவிட்டு, மற்ற இரண்டாலும் பெருக்கிவிடும் எக்ஸெல். செல்லில் பிரம்மாண்டமான எண் வந்து நிற்கும். ###### என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். கட்டம் அகலம் போதவில்லை, அவ்வளவுதான். பத்தியின் தலைப்புக் கோட்டில் டபுள் கிளிக் செய்தால் சரியாகிவிடும்.

இப்போது பி1-ல் 20-ஐ அழித்துவிட்டு 22 தந்து பாருங்கள். நீங்கள் பி5-ஐத் தொடவே இல்லை. விடை மட்டும் 50.47 என்று மாறிவிட்டது. 'இப்படி வைத்தால் என்ன ஆகும்?' என்று கேட்டவுடன் பதில் சொல்வதுதான் எக்ஸெலின் பலம். 1979-ல் வந்த விசிகால்க் காலத்திலிருந்தே இத்தகைய புரோகிராம்கள் விற்றதற்குக் காரணமும் இதுதான்.

டாலர் குறியின் வேலை

ஒவ்வொரு தடிமனாக மாற்றிப் பார்ப்பது சலிப்பான வேலை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடலாம். பி1-ல் மறுபடி 20 வையுங்கள். டி1-லிருந்து டி8 வரை வரிசையாக 16, 18, 19, 20, 21, 22, 24, 25 என்று தரவும். இ1-ல் இந்தப் பார்முலாவை அமைக்கவும்.

=டி1^4/$பி$1^4*100

என்டர் தட்டியபின் மீண்டும் இ1-ல் கிளிக் செய்திடுங்கள். செல்லின் வலது கீழ் மூலையில் சிறிய சதுரம் தெரியும். மவுஸ் கர்சரை அதன் மீது கொண்டுபோனால் கூட்டல் குறியாக மாறும். அப்படியே பிடித்து இ8 வரை இழுத்து விடவும். முழுப் பட்டியலும் கிடைத்துவிடும்.

16 மி.மீ. – 41
18 மி.மீ. – 66
19 மி.மீ. – 81
20 மி.மீ. – 100
21 மி.மீ. – 122
22 மி.மீ. – 146
24 மி.மீ. – 207
25 மி.மீ. – 244

பார்முலாவைக் கீழே இழுக்கும்போது டி1 என்பது டி2, டி3 என்று தானாக மாறும். பி1 அப்படி மாறக்கூடாது; எல்லா வரியும் 20 மி.மீ. பாரோடுதான் ஒப்பிட வேண்டும். டாலர் குறி அதை ஆணியடித்து நிறுத்துகிறது. குறி இல்லாமல் இழுத்துப் பாருங்கள். இரண்டாவது வரியே 900-ஐக் கொண்டு வகுத்து, பூஜ்யத்தை ஒட்டி ஏதோ எண்ணைக் காட்டும்.

பட்டியலை நன்றாகப் பாருங்கள். 20-க்கும் 24-க்கும் நடுவே இருப்பது நான்கே மி.மீ. கையில் பிடித்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. விறைப்போ இரண்டு மடங்குக்கும் மேல்.

நான் செய்த பிழை

என் தங்கை வீட்டுக்காரரின் காருக்கு நான் கணக்குப் போட்டபோது இந்தப் பாடம் எனக்குத் தெரியாது. கம்பிக்குப் பரப்புதானே முக்கியம் என்று நினைத்து மடிக்குறிக்குப் பின்னால் 4-க்குப் பதில் 2 போட்டேன். 14 மி.மீ. பாரை எடுத்துவிட்டு 18 மி.மீ. போட்டால் விறைப்பு 65 சதவீதம் கூடும் என்று எக்ஸெல் சொன்னது. நல்ல எண்ணாகத்தான் தெரிந்தது.

மெக்கானிக் அண்ணன் புதுப் பாரைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "நாலு எம்.எம். ஜாஸ்தியாத் தெரியுதுங்களே தம்பி. பதினஞ்சு போட்டுப் பார்க்கலாமுங்க" என்றார். நான் மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன். "கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாத்தாச்சுங்கண்ணா" என்றேன். அவர் அதற்குமேல் பேசவில்லை. பாரை மாட்டிக் கொடுத்தார்.

காய்ந்த ரோட்டில் கார் அருமையாக ஓடியது. சாய்வே தெரியவில்லை என்று எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு வாரம் கழித்து, மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை, கொல்லிமலை அடிவாரம் காரவள்ளிப் பக்கம் ஒரு வளைவு. எதிரே பஸ் வரவே அவர் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். காரின் பின்பக்கம் பிடி விட்டு வெளியே சுழன்றது. கார் வந்த திசையைப் பார்த்துத் திரும்பி, பின் சக்கரம் சேற்றில் இறங்கி நின்றது. பஸ் டிரைவர் முன்பே பிரேக் போட்டதால் தப்பினார்கள். பின் சீட்டில் என் தங்கையும் பாப்பாவும். யாருக்கும் கீறல் இல்லை.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் என்னைக் குறை சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏனுங்க தம்பி, அந்தக் கணக்கு சரிதானான்னு எதுல வெச்சுப் பாத்தீங்க?" என்னிடம் பதில் இல்லை. எதிலும் வைத்துப் பார்க்கவில்லை. திரையில் அழகாக வந்த எண், தசமப் புள்ளியோடு வந்த எண், அதனால் நம்பினேன்.

பிறகு உட்கார்ந்து சரி பார்த்தேன். 14-லிருந்து 18-க்குப் போனால் கூடுவது 65 சதவீதம் அல்ல, 173 சதவீதம்.

முன்னும் பின்னும்: இன்னொரு ஷீட்

சாய்வு குறைந்தால் நல்லதுதானே, கார் ஏன் சுழன்றது? வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறுகிறது. எந்த ஆக்ஸிலில் பார் விறைப்பாக இருக்கிறதோ அங்கே இந்த மாற்றம் அதிகம். டயரின் பிடிமானம் பாரத்துக்குச் சமமாகக் கூடுவதில்லை. பாரம் இரண்டு மடங்கானால் பிடி இரண்டு மடங்குக்குக் குறைவாகவே கூடும். ஆகவே விறைப்பான ஆக்ஸில் மொத்தப் பிடியில் கொஞ்சத்தை இழக்கிறது.

முன்பக்கம் பிடி குறைந்தால் கார் வளைவுக்கு வெளியே நேராகப் போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். பின்பக்கம் பிடி குறைந்தால் வால் சுழலும். சாதாரண டிரைவரால் அதைச் சமாளிப்பது கடினம். அதனால்தான் கார் கம்பெனிகள் முன்பக்கப் பங்கு அதிகமாக இருக்கும்படி அமைக்கின்றன.

புதிய ஷீட்டில் இதைப் பார்த்துவிடலாம். எளிமைக்காகச் சுருக்கிய எண்கள் இவை. பி1-ல் முன் ஸ்பிரிங் 35. பி2-ல் முன் பார் 35. பி3-ல் பின் ஸ்பிரிங் 30. பி6-ல் பின் பாரின் தடிமன் 14. பி4-ல் =10*(பி6/14)^4 என்று தரவும். பி5-ல் முன்பக்கப் பங்கு:

=(பி1+பி2)/(பி1+பி2+பி3+பி4)*100

பி6-ல் 14 இருக்கும்போது முன்பக்கப் பங்கு 63.6. அதை 15 ஆக்கினால் 61.8. 16 ஆக்கினால் 59.8. நான் போட்ட 18-க்கு 55.0. தவறான கணக்கில் எனக்குக் கிடைத்திருந்தது 60. எழுத்தில் சின்ன வித்தியாசம்தான். ஈரச் சாலையில் அது சின்ன வித்தியாசமாக இல்லை.

கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி பாகங்களை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கியவர். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2003-ல் பந்தயப் பாதையும் திறக்கப்பட்டது. பந்தயப் பாதையில் வால் கொஞ்சம் சுழலும் காரையே விரும்பும் டிரைவர்கள் உண்டு. அங்கே தனி ஆள், ஹெல்மெட், எதிரே பஸ் வராது. நம் காரில் குடும்பம் இருக்கிறது. அந்த அளவுகளைப் பார்த்து இங்கே போடக்கூடாது.

அளக்கும்போது கவனிக்க

நான்கு மடிக் கணக்கில் அளவுப் பிழையும் நான்கு மடியாகப் பெருகும். 20 மி.மீ. பாரை, மேலே உள்ள பெயின்ட்டோடும் துருவோடும் அளந்து 20.5 என்று எழுதிவிட்டால் விறைப்பில் 10 சதவீதம் பிழை வந்துவிடும். ஸ்கேல் உதவாது; வெர்னியர் காலிப்பர் வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

சில கார்களில் பார் உள்ளே குழாயாக இருக்கும். அப்போது வெளி விட்டத்தின் நான்கு மடியிலிருந்து உள் விட்டத்தின் நான்கு மடியைக் கழிக்க வேண்டும். 22 மி.மீ. வெளி விட்டமும் 14 மி.மீ. உள் விட்டமும் கொண்ட குழாய், 20 மி.மீ. கெட்டிப் பாரை விட 22 சதவீதம் விறைப்பு அதிகம்; எடையோ 28 சதவீதம் குறைவு! நடுவில் இருக்கும் எஃகுக்கு முறுக்கத்தில் வேலை மிகக் குறைவு என்பது இதிலிருந்து தெரிகிறது.

பாரை மாற்றும் முன்

- முதலில் டயர் காற்றைச் சரி பாருங்கள். காசு செலவில்லாத வேலை.

- பாரின் ரப்பர் புஷ், லிங்க், ஷாக் அப்சார்பர் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புஷ் நசுங்கியிருந்தால் இருக்கிற பாரே முழுதாக வேலை செய்யாது.

- மாற்றித்தான் ஆக வேண்டுமானால் ஒரு மி.மீ. மட்டும் மாற்றுங்கள். மெல்லிய பாரில் ஒரு மி.மீ. கூடப் பெரிது: 14-லிருந்து 15-க்கு 32 சதவீதம் கூடும், 20-லிருந்து 21-க்கு 22 சதவீதம்தான்.

- மிகத் தடியான பார் குண்டும் குழியுமான சாலையில் ஒரு சக்கரத்தின் குலுக்கலை மற்றதுக்கும் கடத்தும். கார் இடமும் வலமுமாக ஆடும்.

- மாருதி 800 போன்ற சில சிறிய கார்களில் முன் பார் சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் வேலையையும் செய்கிறது. அதில் கை வைக்க வேண்டாம்.

- கம்பெனி அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவில் கட்டுப்பாடு உள்ளது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் தரப்பிலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

விடை தெரிந்த கணக்கை முதலில் கொடுங்கள்

புதிதாக எக்ஸெல் பழகுபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். எந்தப் பார்முலா அமைத்தாலும், உங்களுக்கு ஏற்கெனவே விடை தெரிந்த ஒரு கணக்கை அதில் முதலில் போட்டுப் பாருங்கள். பார் கணக்குக்கு அந்தச் சோதனை மிக எளிது. பி1-ல் 10 தந்து விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 20 தாருங்கள். பதினாறு மடங்கு வர வேண்டும். நான் இதைச் செய்திருந்தால் நான்கு மடங்குதான் வந்திருக்கும். அங்கேயே பிழை பிடிபட்டிருக்கும். அரை நிமிட வேலை.

வட்டிக் கணக்கானாலும், வீட்டுக்கு வேண்டிய டைல்ஸ் கணக்கானாலும் இதே வழிதான். நூறு ரூபாய்க்கு, பத்துக்குப் பத்து அறைக்கு விடை சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு உங்கள் எண்களைக் கொடுங்கள். கம்ப்யூட்டர் கூட்டல் கழித்தலில் பிழை செய்யாது. நாம் கொடுக்கும் பார்முலா சரியா என்று அது கேட்கவும் கேட்காது.

என் தங்கை வீட்டுக் காரில் இப்போது பழைய 14 மி.மீ. பார்தான் இருக்கிறது. புஷ்களும் லிங்க்குகளும் புதிது. ஷாக் அப்சார்பர் மாற்றினோம். சாய்வு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பாப்பா கொல்லிமலைக்கு முன் சீட்டில் வெளியே பார்த்துக்கொண்டு போகிறாள், வாந்தியும் நின்றுவிட்டது.

ஷீட்டை மறக்காமல் கன்ட்ரோல் கீயுடன் எஸ் தட்டி சேவ் செய்துகொள்ளுங்கள். என்னுடைய தவறான ஷீட்டையும் நான் அழிக்கவில்லை. '2 மடி' என்று பெயர் கொடுத்துத் தனி பைலாக வைத்திருக்கிறேன். அந்த 18 மி.மீ. பார் பட்டறையில் என் மேஜைக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. புதிதாக ஒரு பார்முலா போடும்போதெல்லாம் அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.